தோட்டத்துப் பேரும் சேரட்டும்

நடனம் ஆடுகிறவர்களிடம் குரு யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்வார்கள். பரதத்தில் அது பழகிப்போன முறை, நல்ல முறையும்கூட. என்னால் ஒரு பெயரோடு நிறுத்த முடியவில்லை. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடனம் படிப்பித்து, அவர்களுக்காக ஆட்டம் அமைத்து வாழ்கிறேன். எனக்கு வாத்தியார்கள் பலர். அவர்களில் சிலருக்குத் தாங்கள் எனக்கு எதையாவது கற்றுக்கொடுத்தோம் என்பதே தெரியாது. ஆனாலும் மேடையில் நான் வைக்கிற ஒவ்வோர் அடியிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வாத்தியார் எங்கள் மேட்டு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தார். பகலில் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவார். மாசி பிறந்துவிட்டால் இரவில் காமன் கூத்து வாத்தியார். எனக்குத் தாத்தா முறை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் பக்கத்து மலைகளில் வறண்ட குளிர்காற்று வீசும். திம்புள்ளைத் தேயிலைக்கு மணம் ஏறுகிற பருவம் அது; கொழுந்தோ குறைவாக இருக்கும். அந்த நாட்களில்தான் காமன் வருவார். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். மன்மதன், ரதி வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பௌர்ணமி வரை இரவுக்கு இரவு ஆட்டம் நடக்கும். தூதன், தக்கன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி என்று வேடங்கள் லயத்து வாசல்களுக்கே வரும். பௌர்ணமி இரவில் சிவனுடைய நெற்றிக்கண் திறக்க, மன்மதன் எரிவான். ரதி புலம்புவாள். மூன்றாம் நாள் மன்மதனுக்கு உயிர் கொடுத்து எழுப்புவார்கள். தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்ட பிறகு வந்தவர்களும் கொண்டுவந்த சொத்துகளில் காமன் கூத்தும் ஒன்று. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அப்படி வந்தவைதான்.

பழக்கம் நடப்பது வாத்தியார் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில். சாயத்தண்ணிக் கேத்தல் ஒரு பக்கம், தாளக்கட்டை ஒரு பக்கம். பழகுகிறவர்களுக்கு அவர் எடுத்தவுடன் அடவு சொல்லிக்கொடுக்க மாட்டார். நடக்கச் சொல்வார். மன்மதன் எப்படி வருவான், எமன் எப்படி வருவான், ஓலை கொண்டுவருகிற தூதன் எப்படி வருவான் என்று இஸ்தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடை மட்டும் நாட்கணக்கில் போகும்.

“ஆளு யாருன்னு நடையில தெரியணும். பாட்டு அப்பறம் வரட்டும்” என்பார்.

இன்றைக்கும் நான் ஓர் ஆட்டத்தை அப்படித்தான் தொடங்குகிறேன். முத்திரையும் சொல்லும் வரட்டும், முதலில் இந்தப் பாத்திரம் எப்படி நடக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். சரியான நடை கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் கிடைத்த மாதிரி.

அவரிடம் கற்ற இரண்டாவது பாடம் வட்டம். பொட்டலில் நாலு பக்கமும் சனம் நிற்கும். “முதுகு காட்டுற பக்கமே கெடையாது பாப்பா. முதுகும் பேசணும்” என்று சொன்னதோடு நில்லாமல் ஆடியும் காட்டினார். எமன் வேடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தோளை மட்டும் மெல்ல ஏற்றி இறக்கினார். எதிர்ப்பக்கம் நின்றவர்களைவிட முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் பயம் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று பக்கமும் திரை கட்டிய மேடையில் ஆட்டம் அமைக்கும்போதும் நான் பிள்ளைகளை அடிக்கடி திருப்பி நிறுத்துவேன். நடுவர் பக்கம் முகம் காட்டவில்லையே என்று கேட்பார்கள். முதுகையும் பாருங்கள் என்பேன்.

பொம்பளைப் பிள்ளைகள் காமன் பொட்டலில் இறங்கி ஆடுகிற வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை. ரதியும் ஆண்தான். நான் பார்த்து வளர்ந்த ரதி, பகலில் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற அண்ணன். பௌர்ணமி இரவில் அவர் புலம்பத் தொடங்கினால் லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுவார்கள். கணவனைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளையைக் கொழும்பு வேலைக்கு அனுப்பிவிட்டுச் செய்தி தெரியாமல் இருக்கிறவர்கள், எல்லாருடைய துக்கமும் அந்த ஒரு புலம்பலுக்குள் வந்து சேரும். அந்த இரவுகளில்தான் ஆட்டம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. நான் கேட்டுக்கொண்டதற்காக வாத்தியார் ரதியின் நடையை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். பெரியவர்கள் முகம் சுளித்தபோது, “பொட்டல் சம்பிரதாயம் வேற, வித்த வேற. வித்தைக்கு ஆம்பள பொம்பள கெடையாது” என்று சொல்லிவிட்டார். ஒரு பெண் ஆட்டம் அமைக்கலாம் என்ற அனுமதியை எனக்கு முதலில் தந்தது அந்த இஸ்தோப்பு.

வாத்தியாருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். 1948இல் பிரஜாவுரிமை இழந்த எங்கள் மக்களை 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கணக்குப்போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கில் கூத்துக்காரர்களும் போனார்கள். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு பலருக்கு நீலகிரி. ஒரு தோட்டத்தில் மன்மதன் போனான், இன்னொன்றில் பாட்டு எடுத்துக்கொடுப்பவர் போனார். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெரிய வாத்தியாரோடு பாட்டுக் கொப்பியும் போனது.

மிஞ்சியவர்கள் ஞாபகத்திலிருந்து கூத்தைத் திரும்பக் கட்டினார்கள். ஒருவருக்குத் தக்கன் பாட்டு தெரியும், இன்னொருவருக்கு ரதி புலம்பல் பாதி தெரியும். வாத்தியார் எல்லாவற்றையும் சேர்த்து, விடுபட்ட இடங்களில் தானே பாட்டும் அடியும் போட்டார். ஆனால் ஆடும்போது ஒவ்வோர் இடத்திலும் எங்களிடம் சொல்வார்: “இது பெரியவரு சொன்னது. இது நான் போட்டது.” ஒருநாள் ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மறந்த எடத்துல புதுசா வைக்கலாம். தப்பில்ல. ஆனா புதுசுன்னு சொல்லிப்புடணும். இல்லைன்னா அவரு பேரு அழிஞ்சு போகும்” என்றார்.

ஆட்டம் அமைப்பது பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதைவிடப் பெரியது இல்லை. கற்பனைக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கற்பனை எதன்மேல் நிற்கிறது என்பதைச் சொல்லும் பொறுப்பும் கூடவே உண்டு.

இரண்டாமவர் பணிய லயத்துத் தப்புக்கார மாமா. ஒரு காலத்தில் விடியற்காலை இருட்டில் தப்பு அடித்துத்தான் தோட்டத்தைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுப்புவார்கள். அவருடைய அப்பா பெரட்டுத் தப்பு அடித்தவர். மாமா காமனுக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடிப்பார். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் மலையில் பனி இறங்கினால் தப்பின் தோல் தளர்ந்துவிடும். அதனால் பொட்டலின் ஓரத்தில் எப்போதும் நெருப்பு இருக்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போதே மாமா விலகிப்போய்த் தப்பை நெருப்பில் காட்டுவார். தோலை ஒரு விரலால் சுண்டிப் பார்ப்பார். மந்தமாகக் கேட்டால் திரும்பவும் காட்டுவார். சுண்டினதும் கணீரென்றால் எழுந்து வருவார். அதுவரை கூத்தாடுகிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். மூச்சு வாங்கியபடி மெதுவாக வட்டம் சுற்றுவார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், சனத்தைப் பார்ப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த நேரம் மிகவும் பிடிக்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்று பொட்டலே காத்திருக்கும். தப்பு திரும்பி வந்து முதல் அடி விழும்போது கிடைக்கிற வேகம் இடைவெளி விடாத ஆட்டத்தில் கிடைக்காது.

இடைவெளியும் ஆட்டம்தான் என்பதை நான் அந்த நெருப்போரத்தில் கற்றேன். பதிவுசெய்த இசைக்கு ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது கஷ்டம். ஒரு நொடி சும்மா நின்றால் பதறிப்போவார்கள். அவர்களைத் தப்புக்காரர் முன்னால் நிறுத்தி, அவர் அடிக்கும்வரை காத்திருக்கப் பழக்குவேன்.

மாமாவிடம் வேறொன்றும் கற்றேன். தப்பு அடிப்பவரைக் காமனுக்குக் கூப்பிடுவார்கள், அடி நின்றதும் தள்ளி நிற்கச் சொல்வார்கள். சாதி அந்தத் தோலோடு ஒட்டிக்கிடந்தது. அதனால்தான் அவர் தன் மகன்களுக்குத் தப்பைச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்: எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தொட வேண்டும், பெண்பிள்ளைகள் உட்பட. இன்றைக்கு என் குழுவில் தப்பு அடிக்கிறவர்களில் அதிகம் பேர் பெண்பிள்ளைகள். ஆட்டம் அமைக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அழகுக்காக மட்டும் தீர்மானிக்கிற விஷயம் இல்லை என்பதை மாமா எனக்குப் புரியவைத்தார். என் ஆட்டங்களில் தப்பு மேடையின் நடுவில் நிற்கும்.

மூன்றாமவர் என் அம்மா. மலையகப் பாடசாலை மேடைகளில் கொழுந்து நடனம் இல்லாத விழா இல்லை. சின்னக் கூடை, பளபளக்கும் பாவாடை, சிரித்த முகம், ஒரு விரலால் ஒவ்வோர் இலையாகக் கிள்ளுகிற பாவனை. நான் ஆசிரியையான புதிதில் அமைத்த ஒரு கொழுந்து நடனத்துக்கான ஒத்திகையைப் பார்க்க அம்மா வந்திருந்தார். முடிந்ததும், “கூடையில ஒண்ணுமே இல்லையே புள்ள” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து முற்றத்தில் அம்மா பாடம் எடுத்தார். இடுப்பில் படங்கைக் கட்டி, கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டினார். கூடையில் ஈரச் சாக்குகளைப் போடச் சொன்னார். கயிறு இழுத்ததும் கழுத்து தானாக முன்னால் வந்தது, இடுப்பு பின்னால் போனது. சரிவில் கால் நேராகப் போகாது, பக்கவாட்டில்தான் வைக்க வேண்டும் என்று காட்டினார். பிறகு கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒடிக்கும்; நகம் படாது. ஒடித்ததை உடனே கூடையில் போடுவதில்லை. உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பிடி நிறைந்த பிறகுதான் தோளுக்கு மேலே பின்னால் எறிய வேண்டும். எறிகிற கையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் அதற்குள் அடுத்த செடிக்குப் போயிருக்கும். ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்கூடக் கிடைக்காது என்றார் அம்மா. முழுப்பேருக்கு 18 கிலோ கேட்கிற தோட்டங்கள் உண்டு.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் மாறி மாறிப் போகிற தாளம், பிடி நிறைவதற்குள் ஏறுகிற வேகம், எறிதலில் விழுகிற முத்தாய்ப்பு. அத்தனையும் அம்மாவின் உடம்பில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஈரச் சாக்குக் கூடையை மாட்டிப் பழக்கினேன். பாரம் ஏறியதும் போலிச் சிரிப்பு தானாக மறைந்தது. முகத்தில் ஒரு கவனம் வந்தது. அந்தக் கவனம்தான் கொழுந்தெடுக்கும் பெண்களின் உண்மையான அழகு. பழக்கம் முடிந்து மேடையேறும் நாளில் கூடை வெறுமையாக இருந்தாலும் பாரம் உடம்பில் தங்கியிருந்தது.

பரதம் வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் வழியாக. அரைமண்டியும் தட்டடவும் நாட்டடவும் அவர் தந்தவை. அதைவிடப் பெரியதாக அவர் தந்தது ஒரு கொப்பி. ஆட்டத்தைச் சொல்லாகவும் கோடாகவும் எழுதிவைக்கலாம் என்று காட்டினார். கூத்து அடிகளையும் எழுது, அவையும் இலக்கணமுள்ளவைதான் என்றார். வாத்தியாரின் நடைகளை நான் எழுதத் தொடங்கியது அந்தக் கொப்பியில்தான்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு மட்டக்களப்பு கல்லடியில், சுவாமி விபுலானந்தரின் பெயரில் இயங்குகிற அழகியல் கல்வி நிறுவனத்தில் படிக்கப் போனேன். அங்கேதான் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் கண்டேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் செய்த வேலையைப் பற்றி விரிவாகப் படித்ததும் அங்கேதான். சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம் 1956இல் சிங்கள அரங்கைத் தட்டியெழுப்பியது. வித்தியானந்தன் விடிய விடிய ஆடுகிற மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களைக்கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று மேடையேற்றினார். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்த வழியை இன்னும் அகலமாக்கினார்.

வட்டக்களரியில் இருந்ததை ஒருபக்க மேடைக்குக் கொண்டுவரும்போது எதை விடுவது, எதைக் காப்பது என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அவர்கள் பாட்டின் நீளத்தைக் குறைத்தார்கள். தாளக்கட்டையும் ஆட்டத்தின் வீரியத்தையும் விடவில்லை. இன்னொன்றும் செய்தார்கள். ஆட்டம் பழக்கக் கிராமத்து அண்ணாவியாரையே பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிவந்தார்கள். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் பெயர் அந்த வரலாற்றில் பேராசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது, அவருடைய ஊர்ப் பெயரோடு.

சிங்கள நடனக் கலைஞர் சித்ரசேனவை நான் காணொளித் துண்டுகளில்தான் பார்த்தேன். ஆனாலும் அவரும் எனக்கு வாத்தியார். கண்டிய நடனம் கொஹொம்ப கங்காரிய சடங்கில் ஆண்கள் ஆடியது. அதை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சித்ரசேன. அவருடைய துணைவியார் வஜிரா அந்த ஆட்டத்தில் பெண்ணுடம்புக்கென்று ஒரு வழியை உண்டாக்கினார். 1961இல் அவர்கள் மேடையேற்றிய ‘கரதிய’ கடற்கரையின் மீனவர் வாழ்க்கை. வலை இழுக்கிறவர்களின் உடம்பிலிருந்து நாட்டிய நாடகம் பிறக்கும் என்றால், கூடை சுமக்கிறவர்களின் உடம்பிலிருந்தும் பிறக்கும் என்ற துணிச்சல் எனக்கு அங்கிருந்து வந்தது. இராத்திரி இஸ்தோப்பில் ரதி நடை பழகிய எனக்கு வஜிராவைப் பார்த்தபோது, எனக்கு முன்னாலும் ஒரு பெண் இப்படி நடந்திருக்கிறார் என்று தோன்றியது.

சித்ரசேனவின் கண்டிய குருமார் பெயர்களைப் பாருங்கள்: அல்கம கிரிகணித்தய, முத்தனாவே அப்புவா, பெவில்கமுவே லாபய. பெயருக்கு முன்னால் ஊர். பரதத்திலும் அப்படித்தான். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் இராமையா பிள்ளை. அவர்களுடைய ஊர்களே பாணிகளாகிவிட்டன. சென்னையிலும் கொழும்பிலும் டொரொண்டோவிலும் ஆடுகிற பிள்ளை, தான் பார்த்தேயிராத தஞ்சாவூர்க் கிராமமொன்றின் பெயரைப் பெருமையோடு சொல்கிறது.

எங்கள் பக்கம் வாருங்கள். சாமிமலைப் பக்கத்துக் காமன் ஆட்டமும் இராகலைப் பக்கத்து ஆட்டமும் ஒன்றில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் நடை மாறும், தப்படி மாறும், வேடங்களின் வரிசைகூட மாறும். ஆனால் ஒரு தோட்டத்தின் பெயரிலும் பாணி இல்லை, ஒரு வாத்தியாரின் பெயரிலும் பாணி இல்லை. மேடைக்கு வரும்போது எல்லாம் ‘கிராமிய நடனம்’ என்ற ஒரே தலைப்புக்குள் போய்விடுகிறது. போட்டி விண்ணப்பத்தில் பயிற்றுவித்தவர் என்று ஒரேயொரு கோடு விட்டிருப்பார்கள். சான்றிதழ் வைத்திருக்கிற என் பெயர் அதில் வரும். கவ்வாத்து வெட்டிய கையால் அந்த நடையைக் காப்பாற்றியவரின் பெயருக்கு இடம் இருக்காது. ஒருமுறை அந்தக் கோட்டில் மூன்று பெயர் எழுதிக் கொடுத்தேன். ஒரு பெயர்தான் எழுதலாம் என்று திருப்பித் தந்தார்கள். அதன்பிறகு தனித்தாள் ஒன்றை இணைத்தே கொடுக்கிறேன்.

அந்தத் தாளில் எழுதுவது இவ்வளவுதான்: நடை இன்ன தோட்டத்துக் காமன் கூத்து வாத்தியார் இன்னாரிடம் பெற்றது. தப்படி இன்னாருடையது. கொழுந்தெடுக்கும் அசைவுகளைக் காட்டியவர் இன்னார், இத்தனை வருஷம் மலையில் வேலை செய்தவர். இந்தப் பகுதி பழையது. இந்தப் பகுதி நான் சேர்த்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு பிள்ளை அதை ஒலிபெருக்கியில் வாசிக்கும். சபையில் இருக்கிற தோட்டத்துச் சனம் தங்களுடைய ஆளின் பெயர் கேட்டதும் கைதட்டுவார்கள். ஆட்டத்துக்குக் கிடைக்கிற கைதட்டலைவிட அது எனக்குப் பெரியது.

சி.வி. வேலுப்பிள்ளை எங்கள் மக்களின் பாடல்களைத் தொகுத்தார். சாரல்நாடனும் மாத்தளை வடிவேலனும் வாய்மொழி மரபையும் கலைகளையும் எழுதிவைத்தார்கள். பாட்டுக்கு அந்த வேலை ஓரளவு நடந்திருக்கிறது. ஆட்டத்துக்கு இன்னும் நிறையச் செய்ய வேண்டியிருக்கிறது, அதை ஆடுகிறவர்கள்தான் செய்ய வேண்டும். அடியை எழுதத் தெரிந்தவர்கள் நாங்கள்தானே.

என்னிடம் படித்துவிட்டு ஆசிரியர்களாகப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மாசி வருவதற்கு முன்னால் உங்கள் தோட்டத்து வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். கொப்பி கொண்டுபோங்கள். அவர் யாரிடம் படித்தார், அவருடைய வாத்தியார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், எந்த வருஷம் இந்தியாவுக்குப் போனார் என்று கேட்டு எழுதுங்கள். நடையை அவர் ஆடும்போதே பதிவுசெய்யுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அழைத்தால் ஆசிரியருக்குரிய மரியாதையோடும் கூலியோடும் அழையுங்கள். நீங்கள் மாற்றுங்கள், சுருக்குங்கள், புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலை அப்படித்தான் உயிரோடிருக்கும். சேர்த்ததைச் சேர்த்தது என்று சொல்லுங்கள். மேடையில் உங்கள் பெயருக்கு முன்னால் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வாசியுங்கள். பந்தநல்லூரும் வழுவூரும் பாணியானது அங்கே நல்ல ஆட்டம் இருந்ததால் மட்டுமில்லை. ஆடியவர்கள் ஒவ்வொரு மேடையிலும் அந்த ஊரைச் சொன்னார்கள். நாமும் சொல்வோம்.